பின்னிருப்பவரின் ஹக்கு

வாகனத்தில் ஏறி அமரும்போது ஓத வேண்டிய துஆ நம் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ‘ஸுக்ருஃப்’ அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தில் வரும் அந்தத் துஆவின் கருத்து, இந்த வாகனத்தை அடக்கியாளும் வலிமை நமக்கு இருந்ததில்லை, இறைவனே இதை நமக்கு வசப்படுத்தித் தந்தான் என்பதாகும். அதை அழகுற ஓதிவிட்டு, பிரேக் பிடிக்கிறதா, சக்கரம் நேராக ஓடுகிறதா என்று பாராமலே புறப்பட்டுவிடுவோர் நம்மில் பலர். அந்தப் பலருள் ஒருவராகப் பத்தாண்டுகள் நாமும் இருந்தோம். அந்தப் பிழைக்கான விலையை நாம் கொடுக்கவில்லை. நம் பின்னால் அமர்ந்திருந்தவர் கொடுத்தார். அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியில் உள்ளது பரளச்சி. 1985ஆம் ஆண்டில் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இது பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த பகுதி. கரிசல் மண்ணும், மழையை எதிர்பார்த்துக் கிடக்கும் கண்மாய்களும், எத்திசை நோக்கினும் சீமைக் கருவேல மரங்களுமாக விரிந்து கிடக்கும் நிலம். சுற்றுப்புறச் சிற்றூர்களில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பணியை ஏற்று 1992இல் நாம் இங்கு வந்தோம். சுப்ஹுக்குப் பின் ஓர் ஊர், அஸருக்குப் பின் வேறோர் ஊர். பேருந்து வரும் நேரத்திற்கும் பிள்ளைகள் ஓத வரும் நேரத்திற்கும் பொருத்தமே இல்லை. ஆகவே கையிலிருந்த பணத்திற்குப் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினோம். 22 அங்குலச் சட்டம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், பின்னால் ஓர் இரும்புக் கேரியர். அவ்வளவுதான் அதன் அணிகலன்கள்.

சைக்கிள் வாங்கியவர் எவராயினும் சில நாட்களுக்குள் சைக்கிள் கடைக்குப் போயே தீர வேண்டும். நாம் வழக்கமாகச் சென்றது வேப்பமர நிழலில் கீற்றுச் சார்ப்புப் போட்ட ஒரு சிறு கடை. கடைக்கார அண்ணாச்சி அதிகம் பேசமாட்டார். ஆனால் அவரைச் சுற்றி எந்நேரமும் ஒரு சபை கூடியிருக்கும். பால் ஊற்றுபவர், தபால்காரர், கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரியாக்கி மூட்டை மூட்டையாய்ச் சைக்கிளில் கொண்டு செல்பவர், பள்ளி ஆசிரியர் ஒருவர் எனப் பலதரப்பட்டோர் அங்கே வந்து அமர்வர். பேச்செல்லாம் சைக்கிளைப் பற்றித்தான். மதரஸாவில் நாம் ஓதிய காலத்தில் நஹ்வு எனும் இலக்கணப் பாடத்தில் பஸராவாசிகள் ஒரு கருத்தும் கூஃபாவாசிகள் மறு கருத்தும் கூறி வாதிட்டதைப் படித்திருக்கிறோம். அந்த வேப்பமரத்தடியில் நடந்த வாதங்களும் அவற்றுக்குச் சற்றும் இளைத்தவை அல்ல.

கம்பி பிரேக்கா, ஒயர் பிரேக்கா என்பது அங்கே தீராத வழக்கு. ஒயர் அறுந்தால் நடுவழியில் கதியில்லை, கம்பியோ வளைந்தாலும் நிமிர்த்திக்கொள்ளலாம் என்பார் தபால்காரர். கம்பியில் இணைப்புகள் அதிகம், ஒவ்வொன்றும் தேயத்தேயப் பிடிப்புக் குறையும் என்பார் ஆசிரியர். டைனமோ விளக்கு நல்லதா என்றொரு வழக்கு. அது டயரில் உராய்வதால் மிதி கனக்கும், சைக்கிளை நிறுத்தினால் வெளிச்சமும் நின்றுவிடும் என்பது ஒரு கட்சி. மின்கலத்துக்குச் செலவில்லையே என்பது எதிர்க்கட்சி. கரிமூட்டைக்காரருக்கு இவ்வழக்குகளில் நாட்டமில்லை. அவருடைய கவலையெல்லாம் பின்சக்கரம் ஒன்றே. முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருப்பதன் காரணத்தை அவரிடந்தான் நாம் முதன்முதலில் கேட்டறிந்தோம். பாரம் பெரும்பாலும் பின்னால்தான் விழுகிறது. ஆகவே தாங்குவதற்கு அங்கே கூடுதல் கைகள் வேண்டும் என்றார் அவர்.

இந்த மண்ணில் சைக்கிளுக்கு இரண்டு பகைவர்கள். ஒன்று முள், மற்றொன்று மழை. சீமைக் கருவேல முள் டயரைத் துளைத்து டியூபைத் தொட்டுவிடும். ஓட்டை விழுந்த இடத்தை ஒட்டிவிட்டு, டயருக்குள் முறிந்து நிற்கும் முனையை எடுக்க மறந்தால், ஒட்டிய வேலை ஊர் எல்லைக்குள்ளேயே வீணாகும். அண்ணாச்சி ஒட்டுப்போடும் முன் டயரின் உட்புறத்தை விரல் நுனியால் ஒருமுறை முழுவதும் தடவிப் பார்ப்பார். கோடையில் கண்மாய் வற்றிச் சட்டித் தண்ணீரும் அருமையாகும் நாட்களில், காற்றடித்த டியூபை உதட்டருகே கொண்டு சென்று, கசியும் காற்றின் குளிர்ச்சியைக் கொண்டே ஓட்டையைக் கண்டுபிடிப்பார். பழைய டியூபைக் கீறி, டயருக்கும் புதிய டியூபுக்கும் இடையே மெத்தைபோல் வைத்துக் கொடுப்பார். சற்றே கனக்கும். ஆயினும் முள் அவ்வளவு எளிதில் உள்ளே போகாது.

மழை பெய்தாலோ கரிசல் மண் களியாகி டயரோடு ஒட்டி ஏறி, மட்கார்டுக்கும் சக்கரத்திற்கும் இடையே அடைத்துக்கொள்ளும். பத்தடி உருட்டுவதற்குள் சக்கரம் நின்றுவிடும். பிறகு சைக்கிள் நம்மைச் சுமப்பதற்குப் பதில் நாம் சைக்கிளைச் சுமக்க வேண்டியதுதான். ஆகவே ஐப்பசி பிறந்துவிட்டால் மட்கார்டைச் சற்று உயர்த்திக் கட்டுவதும், களியைக் குத்தியெடுக்க ஒரு குச்சியைக் கேரியரில் செருகி வைப்பதும் இங்குள்ளோர் வழக்கம்.

அண்ணாச்சி ஏடு படித்தவரல்லர். எனினும் அவர் சொன்னவை ஒவ்வொன்றும் பாடம். செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள், புழுதியோடு சேர்ந்து பிசினாகிவிடும் என்பார். வெயிலில் நிறுத்தி வைத்தால் வால்வு டியூப் இளகிக் காற்றை விட்டுவிடும், ஒரு சிறு துண்டைப் பையில் வைத்திருங்கள் என்பார். மிதிக்கும்போது சுற்றுக்கொரு முறை ‘டக்’கென்று ஓசை கேட்டால் காட்டர் பின் தளர்ந்துவிட்டது என்று பொருள், ஓசை பெரிதாகும் வரை காத்திருக்கக் கூடாது என்பார். இடப்பக்க மிதியின் மரை மட்டும் எதிர்ப்புறமாக வெட்டப்பட்டிருப்பதைக் காட்டி, மிதிக்க மிதிக்க அது கழன்றுவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது என்று விளக்கியவரும் அவரே. புறநானூற்றின் 102ஆம் பாட்டில், உப்பு ஏற்றிய வண்டியின் அடியில் உமணர்கள் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதை ஔவையார் கூறுகிறார். மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்ற முன்யோசனை அது. அந்தப் பாட்டைப் பொருள் சொல்லிப் பாடம் நடத்தியிருக்கிறோம். சைக்கிள் இருக்கைக்கு அடியில் ஒரு காட்டர் பின்னைத் துணியில் சுற்றிக் கட்டி வைத்திருந்த அண்ணாச்சியைப் பார்த்த பிறகே அதன் பொருள் நமக்கு முழுமையாக விளங்கிற்று.

ஆனால் விளங்குதல் வேறு, செய்தல் வேறு.

2002ஆம் ஆண்டு. நம் மகளுக்கு அப்போது ஐந்து வயது. மாலை வேளைகளில் அவளைக் கேரியரில் அமர்த்தி உடன் அழைத்துச் செல்வது நம் வழக்கமாயிருந்தது. ஒருநாள் கடையில் காற்றடித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி சொன்னார்: “அசரத், பிள்ளைய பின்னால வச்சு ஓட்டுறீங்க. சக்கரத்தோட ரெண்டு பக்கமும் வலை போட்டுருவோம். கால் வைக்க அச்சுல கட்டையும் மாட்டிருவோம்.” சேலை சிக்காதிருக்கப் பின்சக்கரத்தின் மேற்பகுதியை மறைத்துப் பொருத்துவார்களே, அந்தக் கம்பி வலையைத்தான் அவர் சொன்னார். “அடுத்த மாதம் பார்க்கலாம் அண்ணாச்சி” என்றோம். அதே நாளில், அதே கடையில், புதிய டைனமோ விளக்கும், இருக்கைக்கு ஓர் உறையும், கணீரென்று ஒலிக்கும் மணி ஒன்றும் வாங்கிப் பொருத்திக்கொண்டோம். கண்ணுக்குத் தெரியும் பொருட்களுக்குக் கையில் பணம் இருந்தது. காப்பாற்றும் பொருளுக்கு அடுத்த மாதம் வரவேண்டியிருந்தது.

அடுத்த மாதம் வரும் முன்பே அந்த மாலை வந்துவிட்டது. மஃரிபுக்கு முன் ஊர் திரும்பிவிட வேண்டுமென்று வேகமாக மிதித்துக்கொண்டிருந்தோம். பின்னால் அவள் ஏதோ பாடிக்கொண்டே கால்களை ஆட்டிக்கொண்டு வந்தாள். பாட்டு நின்றதும் அலறல் கேட்டதும் சக்கரம் இறுகி நின்றதும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன. வலது குதிகால் கம்பிகளுக்கும் சட்டத்திற்கும் இடையே சிக்கியிருந்தது. சக்கரத்தைப் பின்னுக்குச் சுழற்றிக் காலை விடுவித்தபோது குதியின் தோல் ஒரு புறமாய் உரிந்து தொங்கிற்று. தோளில் கிடந்த துண்டால் கட்டி, அவ்வழியே வந்த ஒருவரின் மோட்டார் சைக்கிளில் அருப்புக்கோட்டை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். எலும்பு தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் புண் ஆறி அவள் குதியை ஊன்றி நடக்க இரண்டு மாதங்களுக்கு மேலாயிற்று. அந்நாட்களில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மீண்டும் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்துப் பழகியதைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தோம்.

சைக்கிளுக்கு அரபு மொழியில் ‘தர்ராஜா’ என்று பெயர். அதன் வேர்ச்சொல்லாகிய ‘தரஜ’ என்பது மெல்ல மெல்ல அடியெடுத்து நடத்தலைக் குறிக்கும். குழந்தை நடை பழகுவதற்கும் அரபியர் அச்சொல்லையே வழங்கினர். படித்தரத்தைச் சுட்டும் ‘தரஜா’ என்ற சொல்லும் அவ்வேரில் கிளைத்ததே. இதனை இருபது வயதிலேயே நாம் ஓதியிருந்தோம். ஒரு சொல்லின் இரு பொருள்களையும் ஒரே வீட்டுக்குள், ஒரு குழந்தையின் காலிலும் வாசலில் சாய்ந்து நின்ற சைக்கிளிலுமாகப் பார்க்க நேருமென்று அன்று எண்ணவில்லை.

வேறொரு சொல்லும் அந்நாட்களில் நம்மை உறங்கவிடவில்லை. வாகனத்தில் ஒருவருக்குப் பின்னால் அமர்பவரை அரபியில் ‘ரதீஃப்’ என்பர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தமக்குப் பின்னால் பிறரை ஏற்றிக்கொள்வதில் பெருவிருப்பம் உடையவர்களாய் இருந்தார்கள். உஃபைர் என்ற கழுதையின் மீது முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் ரதீஃபாக அமர்ந்து சென்றார்கள். இறுதி ஹஜ்ஜின்போது அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபா வரை உஸாமா (ரலி) அவர்களும், அங்கிருந்து மினா வரை ஃபள்லு (ரலி) அவர்களும் அப்பேற்றைப் பெற்றார்கள். சிறுவராயிருந்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பின்னால் அமர்ந்திருந்த வேளையில்தான், வாழ்நாளுக்கெல்லாம் போதுமான அறிவுரையைப் பெருமானார் அவர்கள் அவருக்கு வழங்கினார்கள். இந்த நபிமொழிகளை அறிவிப்பாளர் வரிசையோடு நாம் ஓதியிருந்தோம், பிறருக்கு ஓதியும் கொடுத்திருந்தோம். பின்னால் இருப்பவரை முன்னால் இருப்பவர் காண இயலாது. காணாத ஒருவர் நம்மை நம்பி அமர்ந்திருக்கிறார். ஆகவே அவர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவருக்கு நம்மீது ஹக்கு உண்டு. இந்தச் சிறு உண்மையை ஏட்டிலிருந்து கேரியருக்குக் கொண்டுவர நம்மால் முடியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கைகள் அதைச் செய்ய முன்வந்தபோதும் தவணை கேட்டோம்.

சைக்கிளின் வரலாற்றைப் புரட்டினால் வியப்பான செய்தி ஒன்று கிடைக்கிறது. இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாக, பின்சக்கரத்தைச் செயின் இழுக்கும் வகையில் அமைந்த ‘ரோவர்’ வண்டியை இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் 1885இல் கொண்டுவந்தார். இன்றைய சைக்கிளின் வடிவம் அதுவே. எனினும் அதன் டயரில் காற்று இல்லை. கெட்டி ரப்பர்தான். காற்றடைத்த டயருக்கு 1888இல் காப்புரிமை பெற்றவர் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப். அவர் அதை முதலில் செய்தது பந்தயத்திற்காகவோ வணிகத்திற்காகவோ அல்ல. தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே. தான் ஏறாத வண்டியில் தன் பிள்ளையின் உடல் படும் பாட்டை எண்ணிப் பார்த்த ஒரு தந்தையின் கவலைதான், இன்று உலகெங்கும் சக்கரங்களுக்குள் காற்றாக நிறைந்திருக்கிறது. இதைப் படித்த அன்று நமது நாணம் இரட்டிப்பாயிற்று.

மகளின் புண் ஆறும் முன்பே வலை போட்டோம், கால் கட்டைகள் மாட்டினோம், பிரேக் கட்டைகளை மாற்றினோம். அண்ணாச்சி ஒரு சொல்லும் குத்திக்காட்டவில்லை. கூலியும் வாங்க மறுத்துவிட்டார். அந்த மறுப்பு எந்தக் கடிந்துரையையும்விட நம்மை வருத்திற்று.

ஆண்டுகள் கடந்தன. 2013இல் மகள் பதினோராம் வகுப்பில் சேர்ந்தாள். தமிழக அரசு மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியருக்கு வழங்கும் விலையில்லாச் சைக்கிள் அவளுக்கும் கிடைத்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதோடு சரி. ஓட்ட நாம் இசையவில்லை. வயது வந்த பெண் வீதியில் சைக்கிள் ஓட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று காரணம் கூறினோம். அது உண்மையான காரணமன்று. அவளுடைய குதிகால் தழும்பே உண்மையான காரணம். தந்தையின் அச்சத்தை ஊரின் மேல் போட்டுப் பேசினோம். பல நாட்கள் பொறுத்திருந்த அவள் ஒரு நாள் அமைதியாகச் சொன்னாள்: “பின்னால உட்கார்ந்திருந்தப்பத்தானே அத்தா அடிபட்டுச்சு? ஓட்டுனப்ப இல்லையே.”

மறுமொழி கூற நம்மிடம் ஒன்றுமில்லை.

அன்றிரவு, நாம் பரளச்சிக்கு வந்த அதே ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்தது நினைவுக்கு வந்தது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அதற்கு ஊக்கமளித்தார். 1992ஆம் ஆண்டு மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரை வலம் வந்தனர். வயல் வேலை செய்பவர், கல்குவாரித் தொழிலாளர், செவிலியர், ஆசிரியை என எல்லாரும் ஓட்டக் கற்றனர். அவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். பெண்களுக்கென்று செய்யப்பட்ட சைக்கிளைவிட ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பினராம். காரணம், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம். அங்கும் பாருங்கள், உடன் வருபவரை எண்ணியே வண்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தத் தாய்மார்களின் அறிவு நமக்கு 2002இல் இருந்ததில்லை.

மறுநாள் காலை அவளை அண்ணாச்சியிடம் அழைத்துச் சென்றோம். ஓட்டுவதற்கு முன் பழுது பார்க்கக் கற்றுக்கொள் என்பதே நாம் விதித்த நிபந்தனை. அவள் கற்றுக்கொண்டாள். டயரைக் கழற்றி, முள் முனையை விரலால் தேடியெடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை காயும் வரை பொறுத்திருந்து ஒட்டுப்போடப் பழகினாள். புதிய சக்கரத்தின் கம்பிகள் முதல் சில வாரங்களில் சற்றுத் தளரும், அப்போது கோட்டம் எடுத்து இறுக்க வேண்டும் என்பதையும், செயின் நடுவில் அரை அங்குலம் அசைய இடம் விட வேண்டும் என்பதையும் அறிந்தாள். வேப்பமரத்துச் சபை முதலில் மௌனமாயிற்று. சில நாட்களில் கம்பி பிரேக் வழக்கில் அவளிடமும் கருத்துக் கேட்கத் தொடங்கிவிட்டது.

அடுத்த ஆண்டில் ஒரு மாலை, நமது சைக்கிளின் பிரீவீல் உள்ளே தேய்ந்துபோய், மிதி வீணே சுழன்றது. சைக்கிளை ஒரு தேநீர்க் கடையில் விட்டுவிட்டு நடக்கத் தொடங்கியபோது பள்ளியிலிருந்து அவள் வந்தாள். “ஏறுங்க அத்தா” என்றாள். சுற்றுமுற்றும் பார்த்தோம். பிறகு ஏறி அமர்ந்தோம். புறப்படும் முன் அவள் இறங்கி, பின்சக்கரத்து வலையை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். “கால கட்டையில நல்லா வச்சுக்கங்க அத்தா. ஆட்டாதீங்க” என்றாள். அன்று நாம் ரதீஃபாக அமர்ந்து ஊர் வந்து சேர்ந்தோம். முன்னால் இருப்பவரின் முதுகைத் தவிர வேறெதையும் காண இயலாத அந்த இருக்கையில் அமர்ந்தபோதுதான், ஐந்து வயதுப் பிள்ளை நம்மை எவ்வளவு நம்பியிருந்தாள் என்பது புரிந்தது.

இன்று நம் ஊர்களில் மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டன. சைக்கிள் முதியோர்க்கும் மாணவர்க்கும் உரியதாகச் சுருங்கி வருகிறது. வாகனம் எதுவாயினும் பின்னால் அமர்பவர் இருக்கவே செய்கிறார். மனைவியாக, பிள்ளையாக, வயது முதிர்ந்த தாயாக அவர் அங்கே அமர்ந்திருக்கிறார். துஆவை ஓதும் நாவுக்கு முன், காற்றையும் பிரேக்கையும் சக்கரத்தையும் தொட்டுப் பார்க்கும் கை ஒன்று வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் வைக்கும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. வண்டிக்கு வாங்கும் பொருள்களில் முதலிடம் பின்னிருப்பவரைக் காப்பதற்கே உரியது. மணியும் விளக்கும் உறையும் அடுத்த மாதம் வரட்டும்.

நம்மை நம்பிப் பின்னால் அமர்வோரின் ஹக்கை நிறைவேற்றும் நல்லோர் கூட்டத்தில் வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.